திரும்பாத கடன்: நினைவகக் கசிவைத் தேடிப் பிடித்தல்

கணிப்பொறியில் நேரும் கோளாறுகளுள் பெரும்பாலானவை தோன்றிய கணமே தம்மை அறிவித்துக் கொள்கின்றன. விடை தவறாக வரும். அல்லது நிரல் பாதியில் நின்றுவிடும். இவற்றுக்கு மாறான ஒரு கோளாறும் உண்டு. அது முதல் நாள் எக்குறையையும் காட்டாது. முதல் வாரத்திலும் காட்டாது. விடைகள் யாவும் செம்மையாகவே இருக்கும். பல வாரங்கள் கழிந்த பின்னர், எவரும் அருகில் இல்லாத வேளையில், பொறி ஓய்ந்துவிடும். மீண்டும் இயக்கினால் பழையபடி குறைவின்றி ஓடும். இதனையே நினைவகக் கசிவு என்கிறோம்.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். மழையளவையும் ஆற்று நீர்மட்டத்தையும் நொடிக்கு ஒருமுறை பதிவு செய்யுமாறு ஒரு சிறு கணிப்பொறியைக் களநிலையம் ஒன்றில் வைத்திருக்கிறோம் எனக் கொள்வோம். அதில் நிரலுக்கென எஞ்சியுள்ள நினைவகம் 300 மெகாபைட். ஒவ்வோர் அளவீட்டின்போதும் வெறும் 100 பைட் மட்டும் திரும்ப ஒப்படைக்கப்படாமல் தங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். ஆகவே நாளொன்றுக்கு 8.64 மெகாபைட் குறைகிறது. ஏறத்தாழ 35-ஆம் நாள் நினைவகம் தீர்ந்துவிடும். அனுப்புவதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்திருந்தாலும், 60 மெகாபைட் அளவே குறைந்திருக்கும். எவர் கண்ணிலும் பட்டிராது. அந்த 35-ஆம் நாள் பருவமழையின் நடுவே வந்து சேர்ந்தால், அன்றிரவு பதியாது போன நீர்மட்டத்தை மீண்டும் பெறுவதற்கு வழியில்லை.

கசிவு என்னும் சொல் ஓட்டைப் பானையை நினைவூட்டுகிறது. உண்மையில் இங்கே எதுவும் வெளியே ஒழுகுவதில்லை. நினைவகம் முழுவதும் பொறிக்குள்ளேயே இருக்கிறது. பயன் தீர்ந்த பின்னும், ‘இது இன்னும் பயனில் உள்ளது’ என்று ஏட்டில் எழுதப்பட்டிருப்பதே குற்றம். ஆகவே இதனை ஒழுகல் என்பதைக் காட்டிலும், கடன் கொடுத்த ஏட்டில் வரவு வைக்கத் தவறிய பிழை எனக் கருதுவதே பொருந்தும். கசிவைத் தேடும் முறைகள் அனைத்தும் கணக்குத் தணிக்கை முறைகளாகவே அமைந்திருப்பது இதனால்தான்.

இன்டர்பிரெட்டர் செய்யும் பணி

மனிதர் எழுதும் நிரலை ஒவ்வொரு கூற்றாக எடுத்து உடனுக்குடன் நிறைவேற்றும் மென்பொருளே இன்டர்பிரெட்டர் எனப்படுவது. நம் நாட்டு மேனிலைப் பள்ளிகளின் கணிப்பொறி அறிவியல் பாடத்தில் இன்று இடம்பெற்றுள்ள பைத்தான் மொழி இதற்குத் தக்க சான்றாகும். குவிடோ வான் ரோசம் என்பார் 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் நகரின் தேசியக் கணித, கணிப்பொறியியல் ஆய்வு நிலையத்தில் இதனை உருவாக்கத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் முதற்பதிப்பு வெளியாயிற்று. மாணவர் பைத்தானில் எழுதுகின்றனர். ஆனால் அவர்தம் நிரலை நிறைவேற்றும் இன்டர்பிரெட்டரோ, பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. இந்த இரண்டு தளங்களையும் பிரித்தறிவது அவசியம்; ஏனெனில் கசிவு இரண்டு தளங்களிலும் நேரலாம்.

பைத்தானில் எழுதுபவர் நினைவகத்தைக் கேட்டுப் பெறுவதுமில்லை, திருப்பித் தருவதுமில்லை. ஒரு பட்டியலை எழுதினால் அதற்குரிய இடம் தானாகக் கிடைக்கிறது. பட்டியலின் பயன் தீர்ந்ததும் இடம் தானாக மீள்கிறது. இந்த ‘தானாக’ என்பதன் பின்னே உள்ள உழைப்பு முழுவதும் இன்டர்பிரெட்டரைச் சார்ந்தது. எந்த உருப்படி இனித் தேவையில்லை என்பதை அது எவ்வாறு அறிகிறது?

இதற்கு இரண்டு விடைகள் 1960-ஆம் ஆண்டிலேயே வெளியாயின. அவ்வாண்டு ஏப்ரலில் ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் மொழி பற்றிய தம் கட்டுரையில் முதல் விடையை அளித்தார். நினைவகம் தீரும் வரை எதையும் பொருட்படுத்த வேண்டாம். தீர்ந்ததும் வேலையை நிறுத்தி, நிரல் எட்டிப் பிடிக்கக்கூடிய உருப்படிகள் அனைத்துக்கும் குறியிட்டு, குறியில்லாதவற்றைத் துடைத்தெடுக்கலாம் என்பது அது. லிஸ்ப் உருவான ஐ.பி.எம். 704 பொறியில் நினைவகம் மிகுந்தால் 32,768 சொற்களே. அதற்கே இத்துப்புரவுக்குச் சில நொடிகள் பிடித்தன. குப்பை சேகரிப்பு என்று இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் அக்கட்டுரையில் இடம்பெறவில்லை. அப்பெயர் தம்மிடையே அப்போதே வழங்கியதென்றும், அச்சில் ஏற்றத் தாம் துணியவில்லை என்றும் மெக்கார்த்தி பிற்காலத்தில் வேடிக்கையாகக் குறித்திருக்கிறார்.

இரண்டாவது விடை ஜார்ஜ் காலின்ஸ் என்பாருடையது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. ஒவ்வோர் உருப்படியின் தலையிலும் ஓர் எண்ணை எழுதி வைக்க வேண்டும். அதனை எத்தனை இடங்கள் சுட்டிக்கொண்டிருக்கின்றன என்பதே அவ்வெண். புதிதாக ஓரிடம் சுட்டினால் ஒன்று கூட்டுக. ஒரு சுட்டு நீங்கினால் ஒன்று கழிக்க. எண் பூஜ்யமானால் அவ்வுருப்படி யாருக்கும் வேண்டாதது. அக்கணமே இடத்தை மீட்கலாம். பைத்தான் பின்பற்றுவது முதன்மையாக இம்முறையையே. இவ்வெண்ணைச் சுட்டெண்ணிக்கை என இக்கட்டுரையில் குறிப்போம்.

ஏடு பிழைக்கும் இடம்

கூட்டலும் கழித்தலும் எளிய செயல்கள்தாம். ஆயினும் இன்டர்பிரெட்டரின் உள்ளே அவற்றைச் செய்ய வேண்டிய இடங்கள் பல்லாயிரம். சி மொழியில் எழுதப்பட்ட அப்பகுதிகளில் அவற்றில் பெரும்பாலானவற்றை மனிதரே நினைவில் வைத்து எழுதுகின்றனர். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓர் உருப்படியை வாங்கும்போது சில செயற்கூறுகள் அதன் உரிமையையும் சேர்த்து நம்மிடம் தருகின்றன. அவ்வாறு பெற்றதை நாமே கழித்துத் தீர்க்க வேண்டும். வேறு சில, பார்த்துவிட்டுக் கொடு என்று இரவலாகவே தருகின்றன. அதனை நாம் கழிக்கலாகாது. பட்டியலில் ஓர் உருப்படியை வைக்கும் ஒரு செயற்கூறு நம் உரிமையைத் தானே எடுத்துக்கொள்கிறது; அகராதியில் வைக்கும் செயற்கூறோ எடுத்துக்கொள்வதில்லை. பட்டியலுக்கு ஒரு வழக்கம், அகராதிக்கு வேறு வழக்கம் என்னும் இவ்வேறுபாடு அமைப்பின் குறையே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. எனினும் பல்லாண்டுகளாக எழுதப்பட்ட நிரல்கள் இதனைச் சார்ந்திருப்பதால், இப்போது எளிதில் மாற்ற இயலாது.

அனுபவத்தில் மிகுதியாகக் காணப்படும் கசிவு நேர்வழியில் நிகழ்வதன்று, பிழைவழியில் நிகழ்வதாகும். ஒரு செயற்கூறு முதலில் வெற்றுப் பட்டியல் ஒன்றை ஆக்குகிறது. பின்னர் வந்த எழுத்துக்களை எண்ணாக மாற்றிப் பட்டியலில் இடுகிறது. முடிவில் பட்டியலை ஒப்படைக்கிறது. எழுத்துக்கள் எண்ணாக மாறாதவையாயின், பிழையென அறிவித்து உடனே வெளியேறுகிறது. அந்த அவசரத்தில், முன்னர் ஆக்கிய பட்டியலின் சுட்டெண்ணிக்கையைக் கழிக்காமல் போய்விடுகிறது. அப்பட்டியலைச் சுட்டுவார் எவருமில்லை. ஆயினும் அதன் தலையில் ஒன்று என எழுதியிருக்கிறது. அது என்றும் மீளாது. உணர்கருவி செம்மையான அளவுகளையே தந்துகொண்டிருந்தால் இக்கசிவு ஒருமுறையும் நேராது. கம்பி தளர்ந்து, எண்ணுக்குப் பதில் பொருளற்ற எழுத்துக்கள் வரத் தொடங்கும் நாளில்தான் கசிவும் தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் நல்ல கருவியோடு எத்தனை வாரம் ஓட்டிச் சோதித்தாலும் இது புலப்படாமைக்குக் காரணம் இதுவே.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. கழிக்க வேண்டாத இடத்தில் கழித்தல், அல்லது கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டாமை. பைத்தானில் ‘ஒன்றுமில்லை’ என்பதைக் குறிக்க ‘நன்’ என்னும் ஒரே உருப்படி பொறி முழுவதற்கும் பொதுவாக இருக்கிறது. அதனை விடையாகத் திருப்பும் செயற்கூறு, முதலில் அதன் எண்ணைக் கூட்ட வேண்டும் என்பது விதி. மறந்தால் ஒவ்வோர் அழைப்பிலும் எண் ஒன்று குறையும். ‘நன்’ பல்லாயிரம் இடங்களில் சுட்டப்படுவதால் முதலில் ஒன்றும் தெரியாது. எண் பூஜ்யத்தை அடையும் அன்று, ‘நன்’ என்பதையே அழிக்க முற்படுவதாக அறிவித்து இன்டர்பிரெட்டர் மாண்டுவிடும். 2023-இல் வந்த 3.12-ஆம் பதிப்பிலிருந்து ‘நன்’ போன்ற சில உருப்படிகள் எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டவை ஆக்கப்பட்டுவிட்டதால், இக்குறிப்பிட்ட விபத்து அதன் பின்னர் நேருவதில்லை.

மொத்த அளவு ஏமாற்றும்

கசிவு உண்டா என ஐயுறுபவர் முதலில் செய்வது, இயக்க முறைமை காட்டும் மொத்த நினைவக அளவைப் பார்ப்பதே. அது தொடர்ந்து ஏறினால் ஐயத்துக்கு இடமுண்டு. ஆனால் ஏறிய அளவு இறங்காமையை மட்டும் கொண்டு கசிவென முடிவு கட்டுவது தவறு. பைத்தான் 512 பைட்டுக்கு மேற்படாத சிறு உருப்படிகளுக்குத் தனிக் களஞ்சியம் வைத்திருக்கிறது. அது முறைமையிடமிருந்து பெரும் பரப்புகளாக, நெடுங்காலம் 256 கிலோபைட் கொண்ட பரப்புகளாக, இடத்தை வாங்கிச் சிறு துண்டுகளாகப் பங்கிடும். ஒரு பரப்பிலுள்ள துண்டுகள் அனைத்தும் மீண்டால்தான் அப்பரப்பைத் திருப்பித் தர இயலும். ஆயிரக்கணக்கான துண்டுகளுள் ஒன்று பயனில் இருந்தாலும் பரப்பு முழுதும் தங்கிவிடும். 2006-இல் வந்த 2.5-ஆம் பதிப்புக்கு முன், முற்றிலும் காலியான பரப்பையும் அது திருப்பித் தந்ததில்லை. ஆகவே வெளியிலிருந்து காண்பவருக்கு அளவு இறங்காததுபோல் தோன்றினும், உள்ளே இடம் காலியாகவே இருக்கக்கூடும்.

இதுவன்றி, ஒருமுறை கணித்த விடையை மறுமுறைக்கென வைத்திருக்கும் வழக்கமும் மொத்த அளவை உயர்த்தும். அது சேமிப்பு, கசிவன்று. எனவே ‘எவ்வளவு இருக்கிறது?’ என்னும் வினாவால் பயனில்லை. ‘ஒரே வேலையை மீண்டும் ஒருமுறை செய்தால் எவ்வளவு கூடுகிறது?’ என்பதே கேட்க வேண்டிய வினா.

திரும்பச் செய்து வேறுபாடு காணல்

பைத்தானை ஆக்குவோர் கையாளும் சோதனை இவ்வினாவின் மேல் அமைந்ததேயாகும். இன்டர்பிரெட்டரைச் சோதனைக்கென ஒரு சிறப்பு முறையில் ஆக்கினால், பொறியிலுள்ள உருப்படிகள் அனைத்தின் சுட்டெண்ணிக்கைகளையும் கூட்டிய ஒரே பேரெண்ணை அது எப்போதும் வைத்திருக்கும். ஒரு சோதனையை நடத்துக; பேரெண்ணைக் குறித்துக்கொள்க; அதே சோதனையை மறுபடி நடத்துக; மீண்டும் குறித்துக்கொள்க. வேலை ஒன்றே ஆதலின், கணக்கு நேராயிருந்தால் இரு எண்களும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

முதற்சில ஓட்டங்களை மட்டும் கணக்கில் கொள்வதில்லை. முதல் ஓட்டத்தில் புதிய நிரற்பகுதிகள் ஏற்றப்படும், சேமிப்புகள் நிரம்பும், எண் ஏறத்தான் செய்யும். அடுப்பு சூடேறும் வரை அளவெடுக்காமல் காத்திருப்பது போன்றது இது. வழக்கமாக மூன்று ஓட்டங்களைத் தள்ளிவிட்டு, அடுத்த மூன்றை அளப்பர். அம்மூன்றின் வேறுபாடுகள் 2, 2, 2 என வந்தால் கசிவு உறுதி. ஓர் ஓட்டத்துக்கு இரண்டு சுட்டுகள் வீதம் தங்குகின்றன. 3, 0, 0 என வந்தால் சூடேற்றம் முடியாததன் அடையாளம். 8, –8, 1 என வந்தால் ஏதோ ஒரு சேமிப்பு நிரம்பிக் காலியாவதன் அலைவு. பைத்தானின் சோதனை நிரல், மூன்று வேறுபாடுகளும் தவறாமல் ஒன்றுக்குக் குறையாதிருந்தால் மட்டுமே கசிவென அறிவிக்கிறது. 10, 1, 1 என்பதும் இவ்விதியின்படி கசிவே. முதலெண் பெரிதாயிருப்பது நம் கண்ணைக் கவரும். உண்மைச் செய்தி பின்னுள்ள ஒன்றுகளில்தான் இருக்கிறது.

இதனோடு வேறிரண்டு ஏடுகளும் ஒப்பிடப்படுகின்றன: பெற்ற நினைவகத் துண்டுகளின் எண்ணிக்கை ஒன்று, திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை மற்றொன்று. சுட்டுக்கணக்கு நேராக இருந்தும் துண்டுக்கணக்கு ஏறினால், குற்றம் உருப்படிகளில் இல்லை. சி மொழிப் பகுதி நேரடியாக வாங்கிய இடம் எதையோ விடாமல் வைத்திருக்கிறது என்பது தெளிவு. இவ்வாறு ஏடுகள் ஒன்றோடொன்று முரண்படும் விதமே தேட வேண்டிய திசையைக் காட்டிவிடுகிறது.

கசிவு உண்டு என அறிந்தபின் இடத்தைச் சுருக்க வேண்டும். ஒரு சோதனைத் தொகுதியில் 64 சோதனைகள் உள்ளன என்போம். பாதியை மட்டும் ஓட்டுக. கசிந்தால் அப்பாதியில், இல்லையேல் மறுபாதியில். ஆறு முறை பாதியாக்கினால் குற்றவாளியான ஒரு சோதனை அகப்படும். இப்பணிக்கெனவே ஒரு துணைநிரல் பைத்தானோடு வருகிறது. நேற்றுவரை கசியாத இன்டர்பிரெட்டர் இன்று கசிந்தால், மாற்றங்களின் வரலாற்றையும் இவ்வாறே பாதி பாதியாக வெட்டி, எந்த மாற்றத்தால் வந்தது எனக் காணலாம்.

அதற்கு மேல் வரி வரியாக அறிவதற்கு, 2014-இல் வந்த 3.4-ஆம் பதிப்பு முதல் ட்ரேஸ்மாலாக் என்னும் கருவி உள்ளது. விக்டர் ஸ்டின்னர் அமைத்தது. ஒவ்வொரு நினைவகத் துண்டும் நிரலின் எவ்வரியில் பெறப்பட்டது என அது குறித்து வைக்கிறது. இரு வேளைகளில் இரு படங்கள் எடுத்து ஒப்பிட்டால், இடைக்காலத்தில் மிகுந்தது எவ்வரியால் என்பது தெரியும். இக்கருவி வேகத்தைக் குறைக்கும். நினைவகத்தையும் தானே உண்ணும். ஆகவே எப்போதும் இயங்கவிடாமல், ஐயம் எழுந்தபோது மட்டும் இயக்குவது நன்று. அன்றியும், துண்டு எங்கே பிறந்தது என்பதையே இது சொல்லும். யார் அதனை விடாமல் பிடித்திருக்கிறார் என்பதைச் சொல்லாது. சி மொழித் தளத்தில் வால்கிரைண்ட் என்னும் கருவி இதுபோன்ற பணியைச் செய்கிறது. ஆனால் மேலே கூறிய தனிக் களஞ்சியம் அதன் பார்வையை மறைத்துவிடும். களஞ்சியத்தை விலக்கிவைத்து இயக்கும் வசதி 3.6-ஆம் பதிப்பில் (2016) சேர்க்கப்பட்டபின் இவ்விடர் நீங்கிற்று.

ஒருவருக்கொருவர் ஜாமீன்

இதுவரை கூறியவை ஏட்டுப் பிழைகள். ஏடு முற்றிலும் சரியாக இருந்தும் நினைவகம் மீளாத நிலை ஒன்று உண்டு. முதல் உருப்படி இரண்டாவதைச் சுட்டுகிறது. இரண்டாவது முதலாவதைச் சுட்டுகிறது. வேறெவரும் இவ்விரண்டையும் சுட்டவில்லை. இரண்டின் எண்ணும் ஒன்று. ஆகவே இரண்டும் மீளா. ஊரில் வேறு எவரும் அறியாத இருவர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றதை ஒக்கும் இது. காலின்ஸ் முறையின் இக்குறையை 1963-இலேயே மெக்பெத் என்பார் ஒரு கடிதத்தின் வாயிலாகச் சுட்டிக்காட்டினார்.

பைத்தான் தோன்றி ஏறத்தாழ பத்தாண்டுகள் இக்குறையோடுதான் இயங்கிற்று. 2000 அக்டோபரில் வெளியான 2.0-ஆம் பதிப்பில் நீல் ஷெமனவர் அமைத்த வளையங்காணி சேர்ந்தது. அதன் நுட்பம் வகுப்பறையில் செய்துகாட்டத் தக்கது. ஆசிரியர் நான்கு மாணவரை நிறுத்தி, கயிறுகள் சிலவற்றைக் கொடுக்கட்டும். ஆசிரியர் கையிலுள்ள கயிறு முதல் மாணவரின் இடுப்பில் கட்டப்பட்டிருக்கிறது. முதல் மாணவர் பிடித்த கயிறு இரண்டாமவரின் இடுப்பில். மூன்றாமவரும் நான்காமவரும் ஒருவர் கயிற்றை ஒருவர் பிடித்திருக்கின்றனர். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கயிறு. ஆகவே கரும்பலகையில் 1, 1, 1, 1 என எழுதப்படுகிறது. இப்போது மாணவர் கையிலிருந்து வரும் கயிறுகளை மட்டும் எண்ணிலிருந்து கழிக்கவும். கரும்பலகையில் 1, 0, 0, 0 என வரும். முதல் மாணவருக்கு எஞ்சிய ஒன்று, வெளியிலிருந்து ஒருவர் அவரைப் பிடித்திருக்கிறார் என்பதற்குச் சான்று. அவரைக் காப்பாற்றுக, அவர் பிடித்திருக்கும் இரண்டாமவரையும் காப்பாற்றுக. எஞ்சிய மூன்றாமவரையும் நான்காமவரையும் வெளியுலகில் எவரும் பிடித்திருக்கவில்லை. அவர்களே குப்பை. வெளியே யார் யார் இருக்கின்றனர் எனத் தேடாமலேயே, உள்ளிருப்போரின் கணக்கைக் கழித்து வெளித்தொடர்பைக் கண்டுகொள்வது இம்முறையின் அழகு.

வளையங்காணி வந்த பின்னும் சில வளையங்கள் தப்பின. அழியும் தறுவாயில் ஏதேனும் செய்ய வேண்டும் என இறுதிச் செயல் விதிக்கப்பட்ட உருப்படிகள் ஒரு வளையத்தில் இருந்தால், யாருடைய இறுதிச் செயலை முதலில் நடத்துவது என்பது தெரியாமல், காணி அவற்றைத் தொடாது ஒதுக்கி வைத்தது. மேலும் பல பதிப்புகளுக்கு இந்நிலை நீடித்து, 3.4-ஆம் பதிப்பில்தான் சீராயிற்று.

எழுதுபவர் அறியாமலேயே வளையம் தோன்றும் ஓரிடத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பைத்தானின் மூன்றாம் பெரும்பதிப்பில், பிழை நேர்ந்தபோது உருவாகும் பிழையுருப்படி, பிழை நேர்ந்த வழியைத் தன்னுள் ஏந்திக்கொள்கிறது. அவ்வழியில் செயற்கூறின் மாறிகள் அனைத்தும் அடங்கும். பிழையை ஒரு பெயரில் பிடித்து வைத்தால், அப்பெயரும் அம்மாறிகளுள் ஒன்று. ஆகவே பிழை வழியைச் சுட்ட, வழி பிழையைச் சுட்ட, வளையம் முழுமையாகிறது. அச்செயற்கூறு கையாண்ட பெரும் பட்டியல்களும் அதனோடு சிறைப்படும். இதைத் தவிர்க்கவே, பிழை கையாளும் பகுதி முடிந்தவுடன் அப்பெயரை இன்டர்பிரெட்டரே நீக்கிவிடுகிறது. பிழையைக் கையாண்ட பிறகு அப்பெயர் காணாமற் போவது ஏன் என மாணவர் வினவுவதுண்டு, விடை இதுவே. மாணவரோ நிரலாளரோ பிழையை வேறொரு பெயரில் எடுத்து வைத்தால் இக்காப்பு பயன்படாது.

திருத்துவதில் உள்ள இடர்

கசிவைக் கண்டபின் ஒரு கழித்தலைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது எனத் தோன்றும். பேரெண்ணும் உடனே சமமாகிவிடும். ஆனால் அக்கழித்தல் தவறான இடத்தில் விழுந்தால், இன்னும் பயனில் உள்ள உருப்படியின் இடம் வேறொன்றுக்குக் கொடுக்கப்பட்டுவிடும். கசிவு, பொறியை மெல்ல நிறுத்தும். மிகைக் கழித்தலோ தவறான தரவைச் சரியானதுபோல் எழுதவும் செய்யலாம். மழைப்பதிவில் ஒரு நாள் விடுபட்டால் விடுபட்டது என்றாவது தெரியும். பொய்யான எண் பதிந்தால் அதுவும் தெரியாது. ஐயமுள்ள இடத்தில் கசிவைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

இரவல் சுட்டினால் வரும் இடரைப் பைத்தானின் அதிகாரபூர்வக் கையேடு ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறது. ஒரு பட்டியலின் முதல் உருப்படியை இரவலாகப் பெறுகிறோம். பின்னர் அதே பட்டியலின் இரண்டாம் உருப்படியை மாற்றி வேறொன்றை வைக்கிறோம். பழைய இரண்டாம் உருப்படி அழிகிறது. அழியும்போது அதன் இறுதிச் செயல் நடக்கிறது. அச்செயல் பட்டியலின் முதல் உருப்படியை நீக்குமாறு எழுதப்பட்டிருந்தால், நம் கையிலுள்ள இரவல் சுட்டு இல்லாத ஒன்றைச் சுட்டி நிற்கும். இது கற்பனையன்று என்றும், பழைய பதிப்பொன்றில் இத்தகைய பிழைகள் இருந்தன என்றும், காரணம் காண ஒருவர் நெடுநேரம் செலவிட நேர்ந்தது என்றும் அக்கையேடே கூறுகிறது. பரிகாரம் மிகச் சிறியது: இரவல் பெற்றவுடன் ஒன்று கூட்டுக, வேலை முடிந்ததும் ஒன்று கழிக்க.

களத்தில் செய்யத்தக்கவை

இன்டர்பிரெட்டரின் உட்பகுதியைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு களப்பணியாளருக்கு அரிது. அவர்கள் காணும் கசிவுகளுள் பெரும்பாலானவை அவர்தம் நிரலிலேயே இருக்கும்: படித்த அளவுகளையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போய், கோப்பில் எழுதிய பிறகும் பட்டியலைக் காலி செய்யாதிருத்தல், நாள்தோறும் புதிய பெயரோடு ஓர் அகராதிக்குள் செய்தி இட்டு, பழையதை நீக்காதிருத்தல். இங்கே இன்டர்பிரெட்டரின் ஏடும் சரி, வளையங்காணியும் சரி. நிரலே அவற்றை விடாமல் பிடித்திருக்கிறது. எந்தக் கருவியும் இதனைத் தானாகத் திருத்தாது.

நிரலை அனுப்புவதற்கு முன், காலத்தை நீட்டுவதைக் காட்டிலும் வேலையை மிகுத்தே சோதிக்க வேண்டும். நொடிக்கு ஒன்று வீதம் வரும் அளவைக் கோப்பிலிருந்து கொடுத்தால், 35 நாளுக்குரிய 30,24,000 அளவீடுகளைப் பொறியின் வேகத்திலேயே ஓட்டி முடிக்கலாம். ஒவ்வோர் 1,00,000 அளவீட்டுக்கும் ஒருமுறை நினைவக அளவைக் குறித்து, அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டை மட்டும் நோக்குக. அதன்பின் அதே கோப்பில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்துக: வெற்று வரி, பாதி எண், எழுத்துக் கலந்த எண், இடையில் அறுந்த இணைப்பு. மீண்டும் ஓட்டுக. முதல் ஓட்டத்தில் பூஜ்யமாக இருந்த வேறுபாடு இரண்டாம் ஓட்டத்தில் பூஜ்யமாக இல்லையெனில், தேட வேண்டிய இடம் பிழை கையாளும் வரிகளே.

வாரம் ஒருமுறை பொறியைத் தானே நின்று மீண்டும் தொடங்குமாறு அமைப்பது சில நிலையங்களில் வழக்கம். மழைக்காலம் நெருங்கிவிட்டது, கசிவின் மூலம் அகப்படவில்லை என்னும் நிலையில் அது தக்க ஏற்பாடே. ஆனால் நிறுத்தும் முன் நினைவக அளவை ஒரு கோப்பில் எழுதிவிட்டு நிறுத்துமாறு செய்க. அவ்வாறு சேர்ந்த பத்துப் பன்னிரண்டு எண்களை, அவ்வாரங்களில் கருவி தந்த பிழைகளின் எண்ணிக்கையோடு அருகருகே வைத்துப் பார்த்தால், கசிவு ஓட்ட நேரத்தோடு வளர்கிறதா, பிழைகளோடு வளர்கிறதா என்பதை நிலையத்திலிருந்தபடியே கூறிவிடலாம்.